அஞ்சலிக் கூட்டத்துக்கு வழி தெரிந்தவர்களுக்கு

சென்ற மாதம் ஓர் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மறைந்தவர் நல்ல சிறுகதையாளர். ஐம்பதைத் தொடுமுன்பே கல்லீரல் கெட்டு இறந்தார். பேசிய எழுவரில் ஐவர் அவருடைய குடியைப் பற்றியே பேசினர். எந்த விடுதியில் எந்தக் கவிஞரின் சட்டையைப் பிடித்தார், போதையில் உதிர்த்த எந்த வாக்கியம் பிறகு கதையாயிற்று என்றெல்லாம். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

நம் சிற்றிதழ்ச் சூழல் குடியைக் கலகமாகவும் மேதைமையின் அடையாளமாகவும் கட்டமைத்து வருவது பழைய கதை. நான் சொல்ல வந்தது வேறு. குடிக்கிற நண்பனோடு உட்கார நம்மிடையே ஆள் உண்டு. இறந்தால் தலையங்கம் எழுதவும் உண்டு. ‘நிறுத்த வேண்டும், எங்கே போவது?’ என்று அவன் கேட்கும்போது மட்டும் எவரிடமும் பதில் இல்லை. இதைக் குற்றம் என்றே சொல்கிறேன். முதல் குற்றவாளி நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னிரவில் நண்பன் ஒருவன் அப்படிக் கேட்டான். இருபது ஆண்டுகளாகத் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்துகிறவன் நான். தொலைபேசியில் அரைமணி நேரம் அறிவுரை சொன்னேன். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முனைவது, நீருக்குள் மூழ்கியவனை விளக்கு கொண்டு தேடுவது போன்றது என்கிறது 929ஆம் குறள். அதையும் சேர்த்தே நடத்துகிறேன் என்பதுதான் வேடிக்கை. அடுத்த குறள் இன்னும் கூர்மையானது. தான் குடிக்காத பொழுதில், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் காண்கையில் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று வினவுகிறது. புத்தி சொல்கிறவனால் ஆகாதது தன்னையொத்தவனைப் பார்ப்பதால் ஆகலாம் என்று நான் இதை வாசிக்கிறேன். உரைகளை ஒப்பிட்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அமைத்த எனக்கு அன்றுவரை இது உறைக்கவில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. இயக்கம் பிறந்ததும் இப்படித்தான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வந்த வியாபாரம் முறிந்து விடுதி முகப்பில் நின்றிருந்தார் பில் வில்சன். குடியை விட்டு ஐந்தாறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்தார். அவர் தேடியது மருத்துவரை அல்ல. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியை. அந்தத் தேடலில் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

நாங்களும் தேடினோம். கையில் கிடைத்த முதல் எண் பயன்பாட்டில் இல்லை. இரண்டாவது முகவரியில் கூட்டம் வேறு நாளுக்கு மாறியிருந்தது. இவர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை, பெயர் வெளியிடுவதுமில்லை. ஆகவே தேடிக் கொடுக்கும் பொறுப்பு சுற்றி இருப்பவர்களுடையது. ஒருவழியாக ஒரு ஞாயிறு மாலை, தேவாலயத்தை ஒட்டிய பள்ளி வகுப்பறை ஒன்றைக் கண்டடைந்தோம். சிறுவர்களின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பெரிய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்த விரும்புகிறீர்களா என்பதைத் தவிர அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டணம் இல்லை, உறுப்பினர்கள் தாமே போடும் காசில் தேநீரும் வாடகையும் நடக்கின்றன. அன்று குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்பதால் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். குடும்பத்தாரும் நண்பர்களும் வரத்தக்க திறந்த கூட்டங்கள் தனியாக உண்டாம். ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன். முதுகலைப் பட்டம் செல்லாத வாசல் ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

இது பஜனை மடம்தானே என்று பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மறைக்க வேண்டியதில்லை. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்ற விளக்கமும் கூடவே வருகிறது. நாத்திகரும் அந்த பெஞ்சுகளில் உட்கார்கிறார்கள். பயன் உண்டா என்றால், 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இவ்வழி பிற சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது. மருத்துவத்துக்கு இது மாற்று அல்ல. ஆண்டுக்கணக்கில் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையம் போன்ற இடங்கள் அதற்கு இருக்கின்றன. நம் இதழ்களில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினோம்?

2003 நவம்பர் முதல் சில்லறை மதுவிற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. அந்தக் கடைக்கு வழி கேட்டால் தெருவில் குழந்தையும் சொல்லும். அரசைத் திட்டி நாம் நிறையவே எழுதியாயிற்று, எழுதியும் வருகிறோம். வகுப்பறைக்கு வழி சொல்ல அரசாணை எதுவும் தேவையில்லை.

நண்பன் இப்போது ஞாயிறுதோறும் அங்கே தேநீர் போடுகிறான். இடையில் இருமுறை சறுக்கினான். இருமுறையும் திரும்பிப் போனான். அடுத்த மாதம் எங்கள் ஊரில் நடக்கவிருக்கும் இருநாள் இலக்கிய முகாமின் அழைப்பிதழில், கடைசி வரியாக அந்த வகுப்பறையின் முகவரியையும் நேரத்தையும் போடலாம் என்று அமைப்பாளரிடம் சொல்லிப் பார்த்தேன். முகாமின் தரத்துக்கு அது பொருந்தாது என்றார். முதல் நாள் அமர்வுகள் முடிந்தபின் விடுதி அறைகளில் நடக்கவிருப்பதற்கு ஏற்பாடுகள் ஆகிவிட்டன என்பதையும் அவரே சொன்னார்.