தன்னார்வலர் அல்லர், தொழிலாளர்

மொழிபெயர்ப்பில் என்னை நெடுநாளாக உறுத்தும் சொல் ஒன்று உண்டு: தன்னார்வலர். மலையாள ஆவணங்களில் ‘சன்னத்த பிரவர்த்தக’ என்று வருவதைத் தமிழில் இப்படித்தான் எழுதி வந்தேன். 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாயிலில் ஆஷா ஊழியர்கள் போராட அமர்ந்த பின், அச்சொல்லை எழுதக் கை கூசுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு, நாட்டின் சராசரி 8.6. பிள்ளைகள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்ட சிற்றூர் வீடுகளில் முதியவரின் கதவைத் தட்டுபவர் யார்? வார்டின் ஆஷாதான். ‘ஷைலி’ செயலியை ஏந்தி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டா என்று வீடுவீடாகக் கணக்கெடுப்பவர் அவர். படுக்கையில் கிடப்போரைக் காண, வலிதணிப்புச் செவிலியருடன் செல்பவரும் அவரே. இந்த உழைப்புக்கு ஆட்சியாளர்கள் சூட்டியிருக்கும் பெயர் ‘சமூகப் பங்கேற்பு’.

1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம், மக்கள் தம் நலவாழ்வைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கேற்பதை உரிமை என்றும் கடமை என்றும் கூறியது. திட்டமிடும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, செயல்படுத்தும் கடமையை மட்டும் ஏழைப் பெண்களிடம் தள்ளிவிட்டார்கள்.

ஊதியம் என்று பேசினால் தொண்டுணர்வு கெடும் என்போர் மலப்புறத்தைச் சான்று காட்டுகிறார்கள். அங்கே 1990களின் இறுதியில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் உண்மையிலேயே மகத்தானது. ஆனால் அதில் மாணவரும் வணிகரும் வாரத்தில் சில மணி நேரத்தை விரும்பிக் கொடுத்தார்கள். நாள்தோறும் அலைந்து, பதிவேடு எழுதி, மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டுகிறவரையும் அவர்களையும் ஒரே தட்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

போராட்டம் தொடங்கியபோது மாநில அரசு தந்த மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய். ஒன்றிய அரசின் ஊக்கத்தொகை தனி. அவர்கள் கேட்டது 21,000 ரூபாயும், பணி ஓய்வின்போது 5 லட்சமும். 62 வயதில் வெறுங்கையுடன் அனுப்பும் விதியோ போராட்டத்திற்குப் பிறகே நிறுத்தி வைக்கப்பட்டது. முதியோரைப் பேணியவர் தாம் முதுமை எய்தியதும் நடுத்தெருவில் நிற்கவேண்டுமாம்!

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. மோடி அரசு அதைக் குப்பையில் போட்டது. முதற்குற்றவாளி அதுவே, ஐயமில்லை. ஆனால் இடதுசாரி ஆட்சிக்கு உழைப்போர் வேறோர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ‘இது ஒன்றியத் திட்டம்’ என்று விரலை நீட்டிவிட்டு ஒதுங்குவது அந்த அளவுகோலுக்குப் பொருந்தாது. ஐம்பதாம் நாளில் பெண்கள் தலைமுடியை வெட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயிரம் ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது அக்டோபர் இறுதியில். (சங்கத் தலைமை நமக்கு ஒவ்வாதது என்பதால் கோரிக்கையும் ஒவ்வாததாகிவிடும் என்று வாதிட்ட தோழர்களையும் நான் அறிவேன்.)

தமிழ்நாட்டுத் தோழர்கள் இதை அண்டை மாநிலத்துக் கதையென்று கடந்துவிட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதேடி மாத்திரை கொண்டுசெல்லும் பெண்ணுக்கும் ‘தன்னார்வலர்’ என்றே பெயர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அவர்கள் நமது கிளைகள் உள்ள ஊர்களிலேயே இருக்கிறார்கள். சங்கப் பேரவைகளில் அவர்களுக்கு உறுப்பினர் சீட்டு கொடுங்கள். இவ்வேட்டுக்கு எழுதுவோர் ‘தொழிலாளி’ என்றும் ‘ஊதியம்’ என்றும் எழுதி அனுப்புங்கள். நானும் அப்படியே மொழிபெயர்ப்பேன்.