டாக்டர் பட்டமும் சாக்பீஸும்

விஞ்ஞானத்தில் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர், "நான் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? தாராவியானாலும் சரி, மாட்டுங்காவானாலும் சரி, செம்பூரானாலும் சரி, துக்கம் விசாரிக்க வருகிறவர்களைப் போல உறவினர்கள் வந்துவிடுவார்கள். "அதற்கு பி.எஸ்ஸி., பி.எட். போதுமே" என்பார் ஒருவர். "வெளிநாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

அவர்கள் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். குமாஸ்தா உத்தியோகத்திலும் தோல் பதனிடும் வேலையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்களுக்குப் பணக் கணக்கு முக்கியம். ஆகவே அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம்.

தகுதிப் பரீட்சையில் தேறிய ஆராய்ச்சி மாணவருக்கு மத்திய சர்க்கார் 2023 ஜனவரி முதல் அமலாகும்படி நிர்ணயித்த உபகாரச் சம்பளம், முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய்; அதற்குப் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து வருஷம் ஆனால் இது நின்றுவிடும். ஆராய்ச்சி முடிந்ததா, முடியவில்லையா என்பது வேறு விஷயம். பிறகு கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷ ஒப்பந்த வேலைகள். கேந்திரிய வித்யாலயாவில் மேல்வகுப்பு ஆசிரியருக்கோ, ஏழாவது சம்பளக் கமிஷன் விகிதப்படி, ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 47,600 ரூபாய். பஞ்சப்படி வேறு. வாத்தியார் வேலையை இளப்பமாக நினைப்பவர்கள் இந்தத் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். (சில தனியார் பள்ளிகள் கொடுக்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும், அது இன்னொரு நாளைக்கு.)

பணத்தை விட்டுத் தள்ளுவோம். ஆராய்ச்சியில் பழகியவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் என்ன லாபம்? இதற்கு மும்பையே பதில் சொல்லியிருக்கிறது. 1974ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம் கொலாபாவில் கடலைப் பார்த்து நிற்கும் கட்டடம் அல்ல. நானா சௌக்கில் இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம். அதன் முதல் இயக்குநர் வி.ஜி. குல்கர்னி பௌதிக விஞ்ஞானி. ஏழைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் மண்டையில் ஏறாது என்று பலரும் சொல்லி வந்ததை இவர்கள் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். பெரிய முட்டுக்கட்டை பிள்ளைகளின் மூளையில் இல்லை, பாடப்புத்தகத்தின் மொழியில் இருக்கிறது என்று தெரிந்தது. அதே பாடத்தை எளிய வாக்கியங்களில் எழுதிக் கொடுத்தபோது தேர்ச்சி உயர்ந்தது. 1980களில் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, அவர்களாலும் முன்னுக்கு வர முடியும் என்று காட்டினார்கள். பிள்ளை தவறு செய்தால் 'மக்கு' என்று சொல்லிவிடாமல், தவறு எங்கே பிறந்தது என்று தேடிப் போகும் பழக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் வந்தது.

நமக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. தாராவிப் பிள்ளைக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பாய் ஹிந்தி, புத்தகத்தில் இரண்டிலும் சேராத ஒரு பாஷை. 'திரவ அழுத்தம்' என்பதை அது நெட்டுருப் போடுகிறது. கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும்போது மேல் மாடியில் சொட்டுகூட வராததைத் தினம் காலையில் குடத்தோடு நின்று பார்ப்பதும் அதே பிள்ளைதான். இரண்டும் ஒரே விஷயம் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்காக, டாக்டர் பட்டம் இருந்தால் நாளைக்கே வகுப்புக்குள் விட்டுவிடலாம் என்பது நம் கட்சி அல்ல. விஷயம் தெரிவது வேறு, ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அதைச் சொல்லிக் கொடுப்பது வேறு. இருபது வருஷம் அனுபவம் உள்ள ஆசிரியை கண்ணசைவில் செய்வதை விஞ்ஞானி ஒரு வருஷமாவது கூட இருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி அவசியம். அதைக் கொடுக்கும் முறைதான் சரியில்லை.

2014 விதிகளுக்குப் பின் பி.எட். இரண்டு வருஷப் படிப்பாயிற்று. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க 2010 முதல் தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயதைத் தாண்டி, குடும்பப் பொறுப்பும் வந்தவர், இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல், கையிலிருந்து பணமும் கட்டி எப்படிப் படிப்பார்? கடைசியாக வாங்கிய 42,000 ரூபாயை வைத்துப் பெருக்கினால் 24 மாதத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் வருகிறது. இங்கிலாந்தில் பௌதிக ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சர்க்காரே உதவித்தொகை கொடுத்து இழுக்கிறது. இங்கே வருகிறேன் என்பவரைத்தான் வாசலில் நிறுத்துகிறோம். 2009 முதல் 'டீச் ஃபார் இந்தியா' திட்டத்தில் பட்டதாரிகள் இரண்டு வருஷம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நமக்கு வேண்டியவர்கள் தங்கிவிடுகிறவர்கள்.

டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளியிலேயே, மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில், சம்பளத்தோடு ஒரு வருஷப் பயிற்சி கொடுத்து, அதையே பி.எட்.டுக்குச் சமமாக ஏற்க மத்திய சர்க்கார் விதி செய்ய வேண்டும். ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆசிரியர்களின் பதவி உயர்வில் இது கை வைக்கக் கூடாது. விதி வருவதற்கு முன்பே மாநகராட்சி, விஞ்ஞான ஆசிரியர் இடம் காலியாக இருக்கும் பத்துப் பள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பயிற்சி ஆசிரியர்களாக இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பத்தில் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கும்படி இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் இப்போதே மனுக் கொடுக்க வேண்டும்.