புரட்சி எந்த வருஷம் முடிந்தது?

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் புரட்சி என்றால் 1789 முதல் 1799 வரை. பாஸ்தீய் சிறையில் தொடங்கும், நெப்போலியனோடு முடியும். மனப்பாடம் செய்தோம், மார்க் வாங்கினோம்.

வரலாற்றாசிரியர்கள் அப்படி ஒத்துப்போவதில்லை. 1794-இல் ரொபெஸ்பியேர் தலை விழுந்ததோடு சரி என்பவர்கள் உண்டு. பிரான்சுவா ஃப்யுரே 1770-இல் ஆரம்பித்து 1880 வரை கொண்டுபோகிறார். நான் அவர் கட்சி.

கம்மாபுரத்து நண்பர்கள், "அந்தச் சண்டை நமக்கெதற்கு?" என்பார்கள். பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் தலையைப் பாரிசில் வெட்டினார்கள். அந்த ஆகஸ்டிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1816-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அங்கே மறுபடியும் ஒரு மன்னர், பதினெட்டாம் லூயி! குடியரசு என்பதை இந்த ஊர் சில மாதம்தான் பார்த்தது. அக்காலத்தை எழுதிவைத்த வீரா நாயக்கரின் தமிழ் நாட்குறிப்பும் 1792-ஓடு நின்றுவிடுகிறது.

பத்து வருஷக் கணக்கு பாரிசுக்குச் சரி. புதுச்சேரித் தமிழனுக்கு ஓட்டு வந்தது, 1848-இல் இன்னொரு மன்னரையும் விரட்டிய பிறகுதான். அதையும் இடையில் பறித்து (கொடுத்ததைப் பிடுங்குவது சர்க்காருக்குப் புதிதா?) 1871-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.