மட்டை பிடித்த கை கோல்ஃப் ஆடினால்...



அடுப்படியையும் குழந்தைகளையும் பற்றியே எழுதுகிறவள் திடீரென்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டாளே என்று பார்க்கிறீர்களா? எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை!

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு 12 வயது. நாலு வருஷமாகக் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். அவனுடைய சித்தப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்க்கிறார். லீவு நாளில் பையனைக் கூட்டிப்போய், பழைய ஸ்டிக் ஒன்றைக் கையில் கொடுத்து, ஓரமாக நின்று பந்தடிக்க விட்டிருக்கிறார். பையனுக்கு அதிலும் ஆசை பிடித்துக்கொண்டது. விஷயம் கிரிக்கெட் கோச் காதுக்குப் போனதும், "கோல்ஃப் ஆடினால் கை கெட்டுப்போகும். ஏதாவது ஒன்றை விட்டுவிடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வீட்டில் அப்பா கோச் கட்சி. பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "கோச் சொல்வது நிஜந்தானுங்களா அக்கா? நான் யாருக்காகப் பேசட்டும்?" என்று கேட்கிறார்.

கோச் சொல்வதில் பாதி நிஜம். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் மீதிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மிஷின் மாறினால் கால் படும் பாடு

எங்கள் சோமனூர்ப் பக்கம் நிறையப் பெண்கள் வீட்டுத் தையல் மிஷினில் பழகிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவார்கள். வீட்டு மிஷினில் பாதத்தை வைத்து விடாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனியில் இருக்கும் பவர் மிஷினிலோ லேசாக அழுத்தினாலே ஊசி பறக்கும். முதல் வாரம் பார்க்க வேண்டுமே! கால் பழைய ஞாபகத்தில் ஓங்கி மிதிக்கும், துணி கையை விட்டு ஓடும். ஆனால் துணியை நேராகத் தள்ளும் கையும், தையல் கோட்டை விட்டு நகராத கண்ணும் வீட்டில் கற்றதுதானே? அது அங்கே அப்படியே கைகொடுக்கும். நாள் ஆக ஆக, எந்த மிஷினில் எப்படி மிதிப்பது என்று காலே தெரிந்து வைத்துக்கொள்ளும்.

கிரிக்கெட் மட்டைக்கும் கோல்ஃப் ஸ்டிக்குக்கும் நடுவே நடப்பதும் இதேதான். சில பழக்கம் குறுக்கே நிற்கும். சில பழக்கம் கூடவே வந்து உதவும்.

நேராக வரும் மட்டை, சுற்றி வரும் ஸ்டிக்

கிரிக்கெட்டில் பந்து நம்மைத் தேடி வருகிறது. இரண்டு பக்கத்து ஸ்டம்புக்கும் இடையே 22 கஜம், அதாவது சுமார் 20 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து வந்து சேர ஏறக்குறைய அரை விநாடிதான். அதற்குள் பார்த்து, காலை முன்னாலோ பின்னாலோ நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும். ஸ்டம்பை நோக்கி வரும் பந்துக்கு மட்டை ஊஞ்சல் பலகை மாதிரி ஒரே கோட்டில் போய் வர வேண்டும். குறுக்கே போனால் பந்து சந்தில் புகுந்துவிடும்.

கோல்ஃபில் பந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆடுகிறவர் பாதத்தை ஊன்றி நின்று, இடுப்பும் தோளும் முறுக்கேற ஸ்டிக்கைப் பின்னால் கொண்டுபோய், அந்த முறுக்கு அவிழும் வேகத்தில் அடிக்கிறார். தயிர் கடையும்போது மத்தில் கயிறு ஒரு பக்கம் சுற்றி மறு பக்கம் அவிழ்கிறதே, அப்படி! ஸ்டிக்கின் முனை உடம்பைச் சுற்றிச் சாய்வாக ஒரு வட்டம் போட்டு வருகிறது. பந்தும் சின்னது. கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே கிரிக்கெட் பழகிய கைக்குக் கோல்ஃபில் முதலில் மூன்று கோளாறு வரும். முதலாவது மணிக்கட்டு. நேர் மட்டைப் பழக்கத்தில் மணிக்கட்டை இறுக்கி, மட்டையின் முழு முகத்தையும் பந்துக்குக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். கோல்ஃபில் அடிக்கும் சமயம் முன்கை இயல்பாகப் புரள வேண்டும். புரளாவிட்டால் ஸ்டிக்கின் முகம் திறந்தபடியே நின்று, வலது கைக்காரர் அடித்த பந்து வலப்புறமாக வளைந்து ஓடிவிடும். இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர்.

இரண்டாவது, முன்காலில் சாய்ந்து பந்தை எட்டப் போவது. கோல்ஃபில் உடம்பு அப்படி முன்னால் நழுவினால் அடி சரியாக விழாது. பந்தின் தலையில் பட்டு அது தரையோடு உருண்டுவிடும். மூன்றாவது, பிடி. கிரிக்கெட் மட்டையை இரண்டு கையும் தனித்தனியாகப் பிடிக்கலாம். கோல்ஃபில் பெரும்பாலோர் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு கையும் ஒரே கை போல வேலை செய்யப் பழகுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் தொல்லை உண்டு. கோல்ஃப் பழக்கத்தோடு கிரிக்கெட் ஆட வந்தால் கால் நகராமல் ஊன்றி நிற்கும். நேராக வரும் பந்துக்கும் மட்டை வட்டம் போட்டு வரும், ஸ்டம்ப் பறக்கும். கோச் பயப்படுவது இதற்குத்தான். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கூடவே வரும் நன்மைகள்

இனி அவர் சொல்லாத பாதியைப் பார்ப்போம். வலது கைக்காரருக்கு இரண்டு ஆட்டத்திலும் இடது தோள் முன்னால் இருக்கும், இடது கை மேலே பிடிக்கும். தலையை ஆட்டாமல் நிற்பது, பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதது, முரட்டு பலத்தைவிடத் தாளத்தை நம்புவது எல்லாம் இரண்டுக்கும் பொது. எகிறி வரும் பந்தைக் கால் பக்கமாகத் திருப்பி அடிக்கும் 'புல்' ஷாட்டில் இடுப்பு எப்படிச் சுழல்கிறது என்று கவனியுங்கள். கபில்தேவ் ஒரு காலைத் தூக்கிச் சுழன்று அடிப்பாரே, 'நடராஜா ஷாட்' என்று பெயரே வைத்தார்கள்! அந்தச் சுழற்சிக்கும் கோல்ஃபுக்கும் தூரம் அதிகமில்லை. 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக 175 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்ற அதே கபில், 1994-ல் ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃபில் மூழ்கிவிட்டார். 2024-ல் இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் அமைப்புக்குத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோல்ஃபும் கிரிக்கெட்டுக்குச் சீர் கொண்டுவராமல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிதானித்து, ஒரே மாதிரி தயாராவது ஒரு நல்ல பழக்கம். 18 குழியும் நடந்தே ஆடினால் ஆறேழு கிலோமீட்டர் நடை ஆகிவிடும். 2003-ல் இங்கிலாந்தில் 20 ஓவர் போட்டிகள் தொடங்கிய பிறகு, முன்காலை ஒதுக்கி, கையை முழுக்க நீட்டிச் சுழற்றி அடிப்பது பெருகிவிட்டது. அந்த அடியில் கோல்ஃப் வீச்சின் ஜாடை நன்றாகவே தெரியும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? கிரிக்கெட் மட்டையின் அகலம் 10.8 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கோல்ஃப் பந்து விழும் குழியின் அகலமும் சரியாக 10.8 சென்டிமீட்டர்தான்!

பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பீர்கள். ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டியைப் பாருங்கள். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தி வைத்துவிட்டு, 2015-16-ல் பிரிஸ்பேன் ஹீட் பெண்கள் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். பிறகு டென்னிஸுக்கே திரும்பினார். 2020-ல் ஒரு கோல்ஃப் கிளப்பின் பெண்கள் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். 2021-ல் விம்பிள்டன், 2022-ல் ஆஸ்திரேலிய ஓப்பன்! மூன்று ஆட்டம் பழகிய கை கெட்டா போயிற்று?

கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்பதும் முழுக்கச் சரியில்லை. 1991-ல் இந்திய ஓப்பனை வென்ற அலி ஷேர், 2009-ல் வென்ற பெங்களூர் சின்னசாமி முனியப்பா இருவருமே மற்றவர் பையைச் சுமக்கும் வேலையில் தொடங்கியவர்கள்தான். பை சுமப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தார். அன்று அவருக்குப் பை சுமந்து கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற அம்மா!

எந்தக் கையில் பிடிப்பது?

இதிலும் நாம் அவசரப்பட்டுக் கையை மாற்றிவிடுகிறோம். அமெரிக்காவின் பில் மிக்கெல்சன் மற்ற வேலைக்கெல்லாம் வலது கைக்காரர், கோல்ஃபில் மட்டும் இடது கை. சின்ன வயதில் அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் தெரிவது மாதிரி பார்த்துப் பழகியதால் வந்தது அது. 2021-ல், 50 வயதில், ஒரு பெரிய பட்டம் வென்றார். சச்சின் இடது கையால் எழுதுவார், வலது கையால் ஆடினார். நம் வாஷிங்டன் சுந்தர் வலது கையால் பந்து வீசி, இடது கையால் மட்டை பிடிக்கிறார். குழந்தை எந்தப் பக்கம் சௌகரியமாக நிற்கிறதோ, அப்படியே விடுங்கள். நீங்கள் கற்றுக்கொடுப்பதானால் எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் ஒரு யோசனை சொன்னது. 15, 16 வயது வரை பிள்ளையை ஒரே ஆட்டத்தில் கட்டிப்போட வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். எந்த ஆட்டமானாலும் வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அதற்கு விடுமுறை கொடுக்க வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வளரும் எலும்பும் தசைநாரும் தாங்குவதில்லை என்பதே காரணம். 12 வயதுப் பையன் இரண்டு ஆட்டம் ஆடுவது தப்பே இல்லை.

ஆனால் கோச்சை எதிர்த்துக்கொள்ள வேண்டாம் அம்மணி. நேரில் போய், "எந்த மாதங்களில் மேட்ச் இல்லைங்க? அப்போது மட்டும் கோல்ஃப் ஆடட்டுங்களா?" என்று தன்மையாகக் கேளுங்கள். மேட்சுக்கு நாலைந்து நாள் முன்பே ஸ்டிக்கை எடுத்து வைத்துவிடட்டும். மறுபடி கிரிக்கெட்டுக்குப் போகும் நாளில் முதல் பத்து நிமிஷம் மெதுவாகப் போடும் பந்தை, காலை நகர்த்தி, நேர் மட்டையால் மட்டும் ஆடட்டும். கால் பழைய பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டு பயிற்சியும் வேண்டாம். இடுப்புக்கும் முதுகுக்கும் இரட்டை வேலையாகிவிடும்.

வலி என்றால்

கோல்ஃபில் முதுகு முறுகுகிறது, கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசும்போதும் முதுகு வளைந்து முறுகுகிறது. பந்து வீசும் பிள்ளைக்கு அடி முதுகில் ஒரு பக்கமாக வலி இருந்து, ஓய்வெடுத்தும் போகாவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பில் நூலிழை போல விரிசல் விட்டிருக்கலாம். வளரும் பிள்ளைக்கு முழங்கை வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடும் வேலையே கூடாது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. முழங்கையின் உள்பக்கம் வருவதைக் 'கோல்ஃப் முழங்கை' என்றும், வெளிப்பக்கம் வருவதை 'டென்னிஸ் முழங்கை' என்றும் சொல்கிறார்கள். 2004-ல் சச்சினைப் பல மேட்சுகளில் உட்கார வைத்தது இந்த டென்னிஸ் முழங்கைதான். மறு வருஷம் அறுவை சிகிச்சையே செய்துகொண்டார். டென்னிஸ் மட்டையைத் தொடாத நமக்கு அது எங்கே வருகிறது? ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதில், மாவைப் போட்டுப் பிசைவதில், கனமான பாத்திரத்தை ஒரு கையால் தூக்குவதில்தான். வலி கண்டால் அந்த வேலையைச் சில நாள் நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையாவிட்டாலோ, விரல் மரத்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

ஜமுக்காளம், போர்வை துவைக்கும் நாளில் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். மட்டை பிடிக்கிற மகனோ மகளோ வீட்டில்தானே இருக்கிறார்கள்? "வா கண்ணு, ஒரு முனையைப் பிடி" என்று கூப்பிடுங்கள்!