திருப்பரங்குன்றம்: 'யாரு அதிகம்?' என்பது ஏன் தப்பான கேள்வி?

"ஊர்ல யாரு அதிகமோ அவங்க சொல்றதுதான் நடக்கணும். அதானே ஜனநாயகம்?" திருப்பரங்குன்றம் மலை பற்றிப் பேச்சு வந்தாலே மதுரை டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் இந்த வாதமும் கூடவே வந்துவிடுகிறது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். எம்.எல்.ஏ. யார் என்பதை ஓட்டு எண்ணித்தான் முடிவு செய்கிறோம். சட்டசபையில் மசோதா நிறைவேறுவதும் எண்ணிக்கையில்தான். அப்படியிருக்க, மலை விஷயத்தில் மட்டும் ஏன் தலையை எண்ணக்கூடாது?

ஏன்னா, எண்ணிக்கை ஆட்சியைத் தரும். உரிமையைத் தராது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அந்த மலையின் கதையே போதும்.

மலையில் என்னதான் பிரச்சினை?

அடிவாரத்தில், முருகனின் அறுபடை வீடுகளில் முதலாவதான சுப்பிரமணிய சுவாமி கோயில். உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா. சமணர் படுகைகளும் இதே மலையில் உண்டு. மலை யாருக்குச் சொந்தம் என்று 1920ல் மதுரையில் தொடங்கிய வழக்கு, 1931ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் முடிந்தது. தர்கா, நெல்லித்தோப்பு, மேலே போகும் படிக்கட்டு ஆகியவை முஸ்லிம்களுக்கு. யார் வசத்திலும் இல்லாத மீதி மலை கோயிலுக்கு என்பது முடிவு. யாரிடம் ஆதாரம் இருக்கிறது, எந்த இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்று பார்த்தார்களே தவிர, ஊரில் எந்த மதத்தவர் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை.

2025ல் சண்டை மறுபடி சூடானது. தர்காவில் ஆடு பலியிடுவது பற்றிய பிரச்சினையில், பிப்ரவரி 4ஆம் தேதி பழங்காநத்தத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. அதையொட்டி தடை உத்தரவும் போடப்பட்டது. ஜூன் 24ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, பலியிடும் வழக்கத்தை சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வரை அதற்கு அனுமதி இல்லை என்றார். நெல்லித்தோப்பில் ரம்ஜான், பக்ரீத் தொழுகைக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி தந்தார்.

டிசம்பர் 1ஆம் தேதி வேறொரு வழக்கில், மலைமேல் உள்ள தீபத்தூணில் கார்த்திகை தீபம் ஏற்ற உத்தரவு வந்தது. சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும் என்று சொன்ன அரசு அதை நிறைவேற்றவில்லை. 2026 ஜனவரி 6ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை உறுதி செய்தது. தீபத்தைக் கோயில் தேவஸ்தானம்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளில் எது சரி, எது தப்பு என்று வாதாடலாம். ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். தீபம் ஏற்றணும் என்பவரும், நேர்த்திக்கடன் செலுத்தணும் என்பவரும் கோர்ட்டுக்கு வந்தது ஒரே மாதிரிதான்: 'இது என் நம்பிக்கை, என் வழக்கம், என் இடம்'. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மத சுதந்திரத்தை 'எல்லா நபர்களுக்கும்' தருகிறது. பெரும்பான்மைக்கு என்றோ சிறுபான்மைக்கு என்றோ அதில் இல்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் போன்ற வரம்புகள் உண்டு. 'எத்தனை பேர்' என்பது அந்த வரம்புகளில் ஒன்று கிடையாது.

எண்ணிக்கை பார்த்த காலமும் உண்டு

திருப்பரங்குன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் மீனாட்சியம்மன் கோயில். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத அய்யர் பட்டியல் சாதியினரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு அதற்குள் நுழைந்தார். அடுத்து வந்த சட்டம் கோயிலைத் திறந்துவிட அறங்காவலருக்கு அனுமதி தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அங்கே வழிபடுகிறவர்கள் பொதுவாக அதை எதிர்க்கவில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதாவது, ஒருவர் சாமி கும்பிடலாமா என்பது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் மனசைப் பொறுத்தது.

1947ல் வந்த சென்னை மாகாணச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. எல்லா இந்துக்களுக்கும் கோயில் நுழைவு உரிமையானது; யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. இன்று கோயிலுக்குள் போக யாரும் பெரும்பான்மையிடம் பர்மிஷன் கேட்கத் தேவையில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த மாற்றம்தான். அந்தப் பலனை அனுபவித்துக்கொண்டே அடுத்தவர் வழிபாட்டுக்கு மட்டும் தலை எண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

'கலவரம் வரும்' என்பது பதிலா?

எண்ணிக்கை இன்னொரு வேஷத்திலும் வரும். 'கூட்டம் கொந்தளிக்கும், அதனால வேண்டாம்' என்று அரசு சொல்வதுதான் அது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோதும் இதே வாதம் வந்தது. 1989ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை முடக்க முடியாது, பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்றது. அது சினிமா வழக்குதான். ஆனா அந்த லாஜிக் தீபத்துக்கும் பொருந்தும், தர்காவுக்கும் பொருந்தும். சத்தம் அதிகம் போடுகிறவருக்குப் பயந்து உரிமையை நிறுத்தினால், எல்லோரும் சத்தம் போடத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இடம் மாறினால் கணக்கும் மாறும்

அதே 2025ல் கோலாலம்பூரில் ஒரு விஷயம் நடந்தது. தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இருந்த நிலம் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. அங்கே மசூதி கட்டும் திட்டம் வந்ததால், நூறாண்டு தாண்டிய அந்தக் கோயிலைப் பக்கத்தில் வேறு இடத்துக்கு மாற்ற உடன்பாடு ஏற்பட்டது. மலேசியத் தமிழர்கள் பலர் வேதனைப்பட்டார்கள். 'அங்க முஸ்லிம்கள்தானே அதிகம், விட்டுக்கொடுங்க' என்று இங்கே யாராவது சொன்னால் நமக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயம் என்றால், திருப்பரங்குன்றத்தில் மட்டும் அந்த வாதம் எப்படிச் சரியாகும்?

சரி, தேர்தலில் நிற்காத நீதிபதிகள் மக்கள் விருப்பத்தைத் தடுக்கலாமா? நியாயமான கேள்விதான். நீதிபதிகளும் தப்பு செய்வார்கள், அதற்குத்தான் மேல்முறையீடு. ஆனால் ஓட்டு எண்ணிக்கையால் தொட முடியாத சில உரிமைகள் வேண்டும் என்று 1950ல் நமக்கு நாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான் அரசியல் சாசனம். நீதிபதிகளின் வேலை அதை நினைவுபடுத்துவது.

அடுத்த கார்த்திகைக்கும் அடுத்த சந்தனக்கூடுக்கும் மலையைச் சுற்றி போலீஸ் நிற்கலாம், நோட்டீஸ் ஒட்டலாம், கோஷம் கேட்கலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இடம் யாருடையது? வழக்கம் இருந்ததா? அடுத்தவர் வழிபாட்டுக்கு இதனால் இடைஞ்சல் உண்டா? பதில் சில சமயம் தீபத்துக்குச் சாதகமாக வரும், சில சமயம் தர்காவுக்கு. எப்படி வந்தாலும், தனியாக மலையேறும் ஒரு ஆளுக்கும் அதில் இடம் இருக்கும்.