இரும்பிலும் சாசனம் உண்டு

கல்வெட்டைப் போற்றும் நாம், பழைய கைத்துப்பாக்கியின் முத்திரைகளைத் துருவென்று தேய்த்தழிப்பது முறையன்று. யாழ்ப்பாணக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஆகவே, இங்கு கிடைக்கும் ஆயுதமெல்லாம் ஒல்லாந்தருடையதென்று கொள்ளலாகாது, முத்திரையே சான்று. ஒல்லாந்தர் கும்பனி 'வி, ஓ, சி' எழுத்துக்களைப் பிணைத்துப் பொறித்தது. மேலே நிற்கும் 'ஏ' ஆம்ஸ்டர்டாம் கிளையைக் குறிக்கும். ஆங்கில அரசின் அம்புக்குறி உடைமையைச் சுட்டும். முடியின்கீழ்க் குறுக்கிட்ட செங்கோல்கள், மிகுதியான மருந்திட்டுச் சுட்டபோதும் குழல் பிளவாமல் நின்றதை உரைக்கும். ஏந்தியவன் யார், எப்போரில் ஏந்தினான் என்பவற்றை இவை கூறா. பொறித்ததை அழிப்பதும் பொறிக்காததைப் புனைவதும் வரலாற்றுக்கு ஒப்பத் தீங்காம். சாசனம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பொறிகளையும் மாணவர்க்குப் படித்துக் காட்டுவார்களாக.