சல்லடைக்கு ஒரு சிபாரிசு

மாண்புமிகு மத்திய எஃகுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பெரிய ஊதுலைக்கு அடிக்கல் நாட்டினால் மறுநாள் நாளிதழில் படம் வரும். சல்லடைக்கு யாரும் அடிக்கல் நாட்டுவதில்லை. இந்த மடல் சல்லடைக்காக.

உலையடியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மழைக்காலம் வந்தாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். திறந்தவெளியில் குவித்த தாது நனைந்து, பொடி சேறாகிக் கட்டிகளோடு ஒட்டிக்கொள்ளும். பொடியைப் பிரிக்கும் சல்லடையின் கண்கள் அடைபடும். வெளியே நிற்கவேண்டிய பொடியெல்லாம் உலைக்குள் போய்விடும். அப்புறம் கீழிருந்து ஏறும் வாயுவுக்கு வழியிருக்காது. சரக்கு இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், ‘ஹேங்கிங்’ என்போம். பிறகு திடீரென்று சரியும், அது ‘ஸ்லிப்’. சரியாகச் சூடேறாத தாது அடிப்பகுதிக்கு விழுந்து உலை குளிரும். அதை மீட்க எங்களுக்குத் தெரிந்த வைத்தியம், கோக்கைக் கூட்டுவது. அந்தக் கோக்கோ பெரும்பாலும் இறக்குமதி நிலக்கரியில் சுட்டது.

கோக் எரிபொருள் மட்டுமல்ல. தாது இளகி உருகும் இடத்திலும் தான் இளகாமல் நின்று, மேலே உள்ள பாரத்தைத் தாங்கி, வாயுவுக்கு வழி விடுவது அதுதான். கோக்கில் ஒரு பகுதிக்குப் பதிலாக உலைக்குள் நிலக்கரித் தூளை ஊதலாம். ஹைட்ரஜனையும் ஊதலாம், 2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் ஊதிப் பார்த்தது. இந்தத் தூண் வேலையை இரண்டும் செய்யாது.

உலகின் நல்ல உலைகள் ஒரு டன் இரும்பைக் கோக்கும் தூளும் சேர்த்துச் சுமார் 500 கிலோவில் முடிக்கின்றன. நமக்கு ஏன் முடியவில்லை என்றால், நம் தாதில் அலுமினா அதிகம், கசடு எளிதில் ஓடாது, வெப்பம் கூடுதலாகக் கேட்கும். உண்மைதான். ஆனால் அதையே சாக்காகச் சொல்லிக் காலம் ஓட்டியவர்களில் நானும் ஒருவன்.

2017 எஃகுக் கொள்கை 2030-31க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறன் என்கிறது. ஐரோப்பாவோ ஏற்றுமதி எஃகின் கார்பனுக்குக் கணக்குக் கேட்கிறது. பொதுத்துறை ஆலைகளின் விரிவாக்கக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, தாதுக் கிடங்குக்குக் கூரை உண்டா, மழையில் எவ்வளவு பொடி உள்ளே போகிறது என்று கேளுங்கள். ஒவ்வோர் உலையும் டன்னுக்கு எத்தனை கிலோ கோக் தின்கிறது என்பதை மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள். ஆலைச் சராசரி வேண்டாம் ஐயா. சராசரிக்குள் ஒளிந்துகொள்ள எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலைக்காரன்